பௌர்ணமியன்று தூங்கலாமா

சிலிபின், ஈப்போ
3 அக்டோபர் 1926

மதிப்புக்குரிய சூசைநாதன் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து என் தம்பி பாஸ்கலிடம் நேராகவே பெண் கேட்டீர்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணை, அதுவும் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தும் டீச்சரை, ஒருவர் இவ்வளவு கூச்சமில்லாமல் கேட்பார் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் சமையலறையில் நின்றபடியே "வேண்டாம்" என்றேன். நீங்கள் காரணம் கேட்கவில்லை. தட்டில் இருந்த முறுக்கைத் தின்று முடித்து, நன்றி சொல்லிவிட்டு, ஆயர் தாவாருக்கு மோட்டார் ஏறப் போய்விட்டீர்கள். அந்த மரியாதைக்காகவாவது காரணத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்குப் பதினேழு வயதிலிருந்து காக்காய் வலிப்பு இருக்கிறது. சென்னையில் எஃப்.ஏ. படித்தபோதும் இருந்தது, கப்பலேறி இங்கே வந்த பிறகும் இருக்கிறது. எங்கள் அம்மா அதைச் சந்திரரோகம் என்றுதான் சொல்வாள். முழுநிலவு அன்று நான் தூங்கினால் தூக்கத்திலேயே அது பிடித்துக்கொள்ளும் என்பது அவள் பயம். அதனால் பௌர்ணமி இரவில் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. அம்மா இறந்து ஐந்து வருஷமாகியும் அந்த வழக்கம் நிற்கவில்லை. பாஸ்கலும் அவன் மனைவி பெட்ரீசியாவும் நானும் காப்பி குடித்து, செபமாலை சொல்லி, விடியும்வரை உட்கார்ந்திருப்போம். அப்படிக் காவல் காத்தும் பல தடவை அது விடியற்காலையில் வந்துவிடும். ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் முப்பத்தொரு முறை. முப்பத்தொன்றும் பௌர்ணமியை ஒட்டியே.

நீங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர். பகல் முழுவதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு நோயாளி இருக்க வேண்டாம். உங்கள் மனைவியைக் கடைசிவரை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று பாஸ்கல் சொல்லியிருக்கிறான். ஒரு மனிதருக்கு அது போதும்.

தயவுசெய்து பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நவமணி

*

ஆயர் தாவார்
10 அக்டோபர் 1926

நவமணி டீச்சருக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இது பதில் அல்ல. ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் "ஆமாம், பௌர்ணமிதான்" என்றே தோன்றியது. எட்டு வருஷமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறேன். முழுநிலவு வந்தால் தொழிலாளர் லயத்திலிருந்து வலிப்புக்காரர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று புது ஆட்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். பிறகு ஆஸ்பத்திரிப் பதிவேடு அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

தேதி இருந்தது, பிறை இல்லை. கங்காணி சன்னாசியிடம் பழைய பஞ்சாங்கங்களைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா டிரஸரே, வேதக்காரரு பஞ்சாங்கம் கேக்குறீங்க. ரகசியமா முகூர்த்தம் பாக்குறீங்களா?"

"பொண்ணு வேணாம்னு சொல்லிருச்சு அண்ணே."

"அப்ப பஞ்சாங்கம் எதுக்கு லா?"

"ஏன் வேணாம்னு சொல்லிச்சுன்னு பாக்குறதுக்கு."

பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எட்டு வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் கட்டிக் கொடுத்தார்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். எட்டு வருஷத்தில் வலிப்பு என்று வந்தவை நாற்பத்தொன்று. பௌர்ணமி, அதற்கு முதல் நாள், மறுநாள் ஆகிய மூன்று நாட்களில் வந்தவை ஐந்து. மாதத்தில் மூன்று நாள் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நாற்பத்தொன்றில் பத்தில் ஒரு பங்கு நாலு. நிலவுக்கு ஒன்றே ஒன்றுதான் கூடுதலாகக் கொடுக்க முடிகிறது. கணக்கு டீச்சர் நீங்கள். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். முழுநிலவு அன்று வந்தவர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றவர்களை நான் மறந்திருக்கிறேன். எட்டு வருஷம் என் கண்ணே என்னை ஏமாற்றியிருக்கிறது.

இதுதான் என் சந்தேகம்: உங்கள் நோட்டில் எப்படி முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்றும் பௌர்ணமி?

முறுக்கு நன்றாக இருந்தது.

சூசைநாதன்

*

சிலிபின்
24 அக்டோபர் 1926

மதிப்புக்குரிய சூசைநாதன் அவர்களுக்கு,

உங்கள் கணக்கு சரி. ஆனால் அது உங்கள் தோட்டத்து ஆட்களின் கணக்கு. அந்த நாற்பத்தொன்றில் நான் இல்லை.

வியாழக்கிழமை பௌர்ணமி. மூவரும் உட்கார்ந்தோம். நான்கு முறை காப்பி. பெட்ரீசியா மூன்றாவது தேவ இரகசியத்திலேயே செபமாலையைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள். பாஸ்கல் அவளை உலுக்க, "நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன், கண்ணை மட்டும் மூடியிருக்கேன்" என்றாள். விடிய ஐந்து மணிக்கு எனக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னும் காரம் சாப்பிட முடியவில்லை. முப்பத்திரண்டு என்று நோட்டில் எழுதினேன்.

இப்போது என்ன சொல்கிறீர்கள்? என் உடம்பில் நடப்பதை இருபத்தாறு வருஷம் பார்த்தவள் நான். சன்னாசி கங்காணியின் பஞ்சாங்கத்தைக் கொண்டு நீங்கள் அதை மறுக்க வருவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அனுதாபம் காட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நவமணி

*

ஆயர் தாவார்
2 நவம்பர் 1926

நவமணி டீச்சருக்கு,

மன்னிக்க வேண்டும். உங்கள் நாக்குக் காயம் ஆறும்வரை எழுதாமல் இருந்தேன். அனுதாபம் எனக்கு உண்டு. காட்டத் தெரியாது. காயத்துக்கு மருந்து போடும்போதுகூட நான் திட்டிக்கொண்டேதான் போடுவேன் என்று இங்கே பெயர்.

இரண்டே கேள்வி. அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும்வரை எழுத மாட்டேன்.

ஒன்று: இரவு முழுவதும் விழித்திருந்தீர்கள், விடியற்காலையில் வந்தது. என்றைக்காவது பௌர்ணமியன்று தூங்கிப் பார்த்தீர்களா? ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே ராக்காயி என்று ரப்பர் பால்வெட்டு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி. அவளுக்கு வலிப்பு வந்த நாட்களைப் பார்த்தேன். தீமிதித் திருவிழாவுக்கு மறுநாள், கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு ராத்திரி கண்விழித்த மறுநாள், இப்படியே இருக்கிறது. நிலவைக் காணோம், தூக்கத்தைத்தான் காணோம்.

இரண்டு: பௌர்ணமி போக மற்ற நாளில் உங்களுக்கு ஒரு மயக்கம்கூட வந்ததே இல்லையா?

சூசைநாதன்

*

சிலிபின்
14 டிசம்பர் 1926

அன்புள்ள சூசைநாதன் அவர்களுக்கு,

ஆறு வாரம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். உங்கள் இரண்டாவது கேள்விதான் காரணம். அதற்குப் பதில் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கோபம்.

பள்ளிக்கூடத்து நாட்குறிப்புகளை மரப்பெட்டியிலிருந்து எடுத்தேன். அவற்றில் வேறு விதமாக எழுதியிருக்கிறேன். "இன்று பித்த மயக்கம், இஞ்சிச் சாறு குடித்தேன்." "தலைசுற்றி விழுந்தேன், பாதி நாள் விடுப்பு." நாற்பத்தேழு இடங்கள். அந்த நாட்களிலும் நாக்குக் கடிபட்டிருக்கிறது, புடவை நனைந்திருக்கிறது, விழித்த பிறகு என் பெயரே எனக்கு எட்டாமல் இருந்திருக்கிறது. அம்மா சந்திரரோகம் என்று பெயர் வைத்ததால், சந்திரன் இல்லாத நாளில் வந்தது அந்த ரோகமே இல்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அவள் இஞ்சி தட்டினாள், நான் பித்தம் என்று எழுதினேன். எஃப்.ஏ. படித்தவள்! விடைக்கு ஒத்துவராத எண்ணை விட்டுவிட்டுக் கூட்டக் கூடாது என்று வருஷம்தோறும் நான்காம் வகுப்பில் சொல்கிறவள்!

நாட்காட்டியோடு ஒட்டிப் பார்த்தேன். அந்த நாற்பத்தேழும் வளர்பிறை, தேய்பிறை, அமாவாசை என்று தாளித்த கடுகு மாதிரி எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. ஆனாலும் பௌர்ணமிக்கு முப்பத்திரண்டு இருக்கிறதே என்று வக்கீலைப் போல வாதாடிப் பார்த்தேன். அங்கேதான் உங்கள் முதல் கேள்வி நிற்கிறது. நாற்பத்தேழில் பத்தொன்பது, பரீட்சைத் தாள் திருத்திக் கண்விழித்த மறுநாள். பௌர்ணமியன்று நான் தூங்கியதே இல்லை. நிலவிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து மாதம் ஒரு முறை வீட்டாரே அதை அழைத்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மரப்பெட்டியின் பக்கத்திலேயே தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நிலவு கொடுமையான எஜமானாக இருந்தது உண்மை. ஆனால் அது மாதத்தில் இருபத்தாறு நாள் எனக்கு விடுமுறை கொடுத்தது. அந்த நாட்களில் பயமில்லாமல் தெருவில் நடந்தேன், கரும்பலகை முன் நின்றேன். இப்போது எந்த நாளும் அதன் நாள். அடுப்படியில், ஆற்றுப் படகில், உங்கள் வீட்டு வாசலில், எங்கே என்று சொல்ல முடியாது. அக்டோபரில் உங்களுக்கு எழுதிய காரணம் பொய்யாகிவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் கிடைத்திருக்கிறது.

கோபம் போய்விட்டது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நவமணி

*

ஆயர் தாவார்
11 ஜனவரி 1927

அன்புள்ள நவமணிக்கு,

டீச்சர் என்பதை விட்டுவிட்டேன். சரியில்லை என்றால் சிவப்பு மையில் அடித்து அனுப்புங்கள்.

வெள்ளத்தால் தபால் நின்று, உங்கள் கடிதம் ஐந்தாம் தேதிதான் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில்மேல் கட்டில் போட்டு ஆட்களைப் படுக்க வைத்தோம். ஒரு கிழவர் மேல் கட்டிலில் இருந்து இறங்கவே மாட்டேன் என்கிறார். துரை பங்களா மாதிரி இருக்கிறதாம்.

"எந்த நாளும் அதன் நாள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை நாலு முறை படித்தேன். என் மனைவி செவ்வாய்க்கிழமை இறந்தாள். பிறகு இரண்டு வருஷம் செவ்வாய்க்கிழமை என்றால் எனக்குப் பயம். ஊசி போட மாட்டேன், உதவியாளை விட்டுப் போடச் சொல்வேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. நானேதான் பார்த்தேன். பிள்ளை பிறந்து கத்தியது. அன்று வீட்டுக்குப் போகும்போது, இனி ஏழு நாளும் எனக்கு ஒன்றுதான் என்று தோன்றியது. பயம் போகவில்லை. ஏழாகப் பிரிந்து சிறுத்துவிட்டது.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினெட்டாம் தேதி பௌர்ணமி. தூங்குங்கள். உங்கள் டாக்டர் கொடுக்கும் மருந்தைப் பௌர்ணமி பார்க்காமல் தினமும் குடியுங்கள். மருந்துச் சரக்கு எடுக்கப் பிப்ரவரி கடைசியில் ஈப்போ வருகிறேன். சிலிபின் வழியாகப் போகலாமா, சுற்றிக்கொண்டு போக வேண்டுமா?

சூசைநாதன்

*

சிலிபின்
20 ஜனவரி 1927

அன்புள்ள சூசைநாதனுக்கு,

தூங்கினேன்.

சாயங்காலமே பெட்ரீசியாவிடம் சொன்னேன். அவள் காப்பிக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். கரண்டி கையிலிருந்து விழுந்தது.

"அக்கா, நெசமாவா? தூங்கலாமா?"

"தூங்கலாம்."

"நானுமா?"

"நீயும்தான்."

"அம்மாடி! கல்யாணம் ஆகிப் பதினாலு வருசமா ஒரு பௌர்ணமிகூட நான் படுத்ததில்ல அக்கா. அந்த டிரஸரு நல்லாருக்கணும். அவருக்கு நானே மெழுகுவத்தி கொளுத்துறேன்."

பாஸ்கல் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "ஒனக்கு ஏதாச்சும் ஆனா அம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்வேன்?" என்று நாற்காலியைப் போட்டுக்கொண்டு தனியாகக் காவலுக்கு உட்கார்ந்தான். பத்து மணிக்கு அவனுடைய குறட்டை கேட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண் விழித்தபோது ஆறரை. சுவரில் வெயில். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். என் நாக்கைப் பல்லில் தடவிப் பார்த்தேன். எங்கும் வலிக்கவில்லை.

ஒரு மாதம் நிரூபணம் ஆகாது. தெரியும். ஆனால் அந்தக் காலை என்னுடையது.

சிலிபின் வழியாக வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருமாகக் குனோங் ராபாட் மலையடிக்குப் போய்வரலாம் என்கிறாள் பெட்ரீசியா. கல்யாணப் பேச்சு மட்டும் எடுக்கக் கூடாது.

நவமணி

*

ஆயர் தாவார்
1 மார்ச் 1927

அன்புள்ள நவமணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை, ஒளிக்காமல் எழுதுங்கள் என்று புறப்படும்போது சொன்னீர்கள். எனக்கு எழுதத் தெரிந்தது ஆஸ்பத்திரிப் பதிவேடுதான். அப்படியே எழுதுகிறேன்.

தேதி: 27 பிப்ரவரி, ஞாயிறு. இடம்: குனோங் ராபாட் மலையடி, மரநிழல். பிறை: விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். கிழக்கே நகக்கீறல் அளவு தேய்பிறை. முழுநிலவு போய்ப் பதினொரு நாள்.

மூன்று இருபதுக்கு நோயாளி பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டார். வலது கை முதலில். நான் இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, என் கோட்டை மடித்துத் தலைக்கு வைத்தேன். நோயாளியின் கையில் இரும்புச் சாவி கொடுக்க வேண்டும் என்று பாஸ்கல் ஓடி வந்தார். வேண்டாம் என்றேன். அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. சரி, நீங்களே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். கொஞ்சம் தேறினார்.

குகைக் கோயிலில் இருந்து இறங்கி வந்த இரண்டு சீனப் பெண்கள் நின்றார்கள். கூட்டம் போடாதீர்கள் என்று விரட்ட நினைத்தேன். அதில் மூத்தவர் தன் குடையை விரித்து உங்கள் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார். பெட்ரீசியா தனக்குத் தெரிந்த ஒரே நன்றியை, "தோ சே, தோ சே" என்று பத்து தடவை சொன்னார். அந்த நேரத்தில் ஒரு குரங்கு வந்து வடைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டது. பெட்ரீசியா நோயாளியையும் குடையையும் விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினார். "அக்கா ராத்திரியெல்லாம் முழிச்சுச் சுட்ட வடைடா, சனியனே!" என்று கத்தியது மலை முழுவதும் கேட்டது.

மூன்று இருபத்துநாலுக்கு நின்றது. ஆக நாலு நிமிஷம். மூன்று முப்பத்தொன்றுக்கு நோயாளி கண் திறந்து, "இது யாரு குடை?" என்றார். "தெரியலை. இப்போதைக்கு நம்ம குடை" என்றேன்.

காரணம்: விருந்தாளி வருகிறார் என்று நோயாளி முந்தின இரவு இரண்டு மணிவரை சமையலறையில் இருந்ததாகப் பெட்ரீசியா சாட்சி. குற்றம் விருந்தாளியுடையது.

பதிவேடு முடிந்தது. நீங்கள் கண்ணை மூடியிருந்த பதினொரு நிமிஷமும் நான் பயப்பட்டேன். ஓடிப்போக ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். கேட்கவில்லை.

சூசைநாதன்

*

சிலிபின்
20 மார்ச் 1927

அன்புள்ள நாதன்,

உங்கள் பதிவேட்டைப் படித்துவிட்டு, படுக்கையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பெட்ரீசியா ஓடி வந்து பார்த்தாள். குரங்கு வந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். "வடைக்காகத்தான் ஓடினேன்னு எழுதிட்டாரா? ஒங்களுக்குக் காத்து வரட்டும்னு வெலகிப் போனேன் அக்கா" என்றாள்.

இருபத்தாறு வருஷம் நான் பயந்தது இதற்குத்தான்: வெட்டவெளியில், பகலில், நான் மதிக்கிற ஒருவர் கண்முன்னால் அது வந்துவிடுமோ என்று. வந்தது. நாலு நிமிஷம் நடந்தது. அதை நான் ஒரு ஆயுள் நீளத்துக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

துணிந்து, போன வாரம் பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டரிடம் போய், எனக்கு வலிப்பு உண்டு, இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னியுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினொரு வருஷமாகத் தெரியும், நவமணி. நான் இங்கே வந்த முதல் நாளே பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்" என்றார். நான்காம் வகுப்பில் அதற்கென்று ஒரு முறையே இருக்கிறதாம். ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்குச் சொல்லிவிட்டுப் போகுமாம். இரண்டு பேர் மேசையை நகர்த்த வேண்டும், ஒருத்தி தாவணியைச் சுருட்டித் தலைக்கு வைக்க வேண்டும், மற்றவர்கள் பக்கத்து வகுப்புக்குச் சந்தேகம் வராதபடி பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் எல்லோருக்கும் பதினாறாம் வாய்ப்பாடு ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது என்று நான் பெருமைப்பட்டதுண்டு. வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் எதை முதலில் படுவது என்று தெரியவில்லை.

நேற்று முன்தினம் பௌர்ணமி. தூங்கினேன். இது மூன்றாவது. மூன்றிலும் ஒன்றுமில்லை. இதைச் சாட்சியாகக் காட்டி உங்களுக்குச் சம்மதம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் குணமாகவில்லை. மருந்து குறைக்கும், தூக்கம் குறைக்கும், அடியோடு போகாது. பீடத்தின் முன்னாலேயே வரலாம். வந்தால் உங்களுக்கு வேலை தெரியும், பாஸ்கலிடம் சாவி இருக்கும்.

ஆகவே, சரி. அன்றைக்குச் சமையலறையில் நின்று சொன்னதை, இன்று மேசை முன் உட்கார்ந்து, நல்ல மையில் மாற்றி எழுதுகிறேன். சம்மதம்.

காலையில் பூசை முடிந்து சாமியாரைப் பார்த்தோம். தவசு காலம் முடிய வேண்டும், ஈஸ்டர் கழித்து எந்த நாள் வேண்டும் என்று கேட்டார். பெட்ரீசியா என் முழங்கையை இடித்தாள், பாஸ்கல் சட்டைப் பையில் நாட்காட்டியைத் தேடினான். எந்த நாளானாலும் சரி, சாமி என்றேன். அவர் ஏப்ரல் முப்பது, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு என்ன பிறை என்று நான் பார்க்கவில்லை. முதல் நாளே வந்து சேருங்கள். இரவு இருவருமே நன்றாகத் தூங்க வேண்டும்.

உங்கள்
நவமணி